மண்ணின் காசும் மனிதரின் நாணயமும்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ‘நாணயமான மனிதர்’ என்று ஒருவரைக் குறிப்பிடும்போது, அவருடைய பணப்பையைப் பற்றி நாம் பேசவில்லை என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். காசின் மதிப்பு அதன் உலோகத்தில் மட்டும் இல்லை, அதை வெளியிட்டவரின் வாக்கிலும் இருக்கிறது என்பதை நம் மொழி ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. ஆகவே காசு பொய்யாகும்போது இரண்டு நாணயங்களும் ஒருசேரக் கெடுகின்றன. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் மண்ணில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியது. அதையும், அதையொட்டி நாம் தேடிக் கற்றவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஒரு குடும்பத்தின் துயரம்

சில ஆண்டுகளுக்குமுன் இப்பகுதியின் சிற்றூர் ஒன்றில் நாம் பங்குப்பணி ஆற்றிவந்தோம். ஒருநாள் மாலைச் செபம் முடிந்து மக்கள் கலைந்தபின், பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் உழவர் ஒருவர் துணிமுடிச்சு ஒன்றைக் கொண்டுவந்து நம் மேசைமீது அவிழ்த்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் முப்பத்திரண்டு காசுகள். “சாமி, இதைக் கொஞ்சம் பாருங்க. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். பின்னாளில் அவரே பலர் முன்னிலையில் சொன்ன செய்தியாதலால், அவர் இசைவோடு இங்கே எழுதுகிறோம்.

வெளியூர் ஆட்கள் மூவர், ‘மெட்டல் டிடெக்டர்’ எனப்படும் உலோகங்காட்டிக் கருவியோடு வந்திருக்கின்றனர். சோழர் காலத்துப் புதையல் அவ்வட்டாரத்தில் இருப்பதாகச் சொல்லி, இரவில் அவருடைய நிலத்தில் தேட இசைவு பெற்றனர். வரப்போரம் ஓரிடத்தில் கருவி ஒலி எழுப்பியது. இரண்டு சாண் ஆழத்தில் ஒரு மண்கலயம். அதற்குள் இந்தக் காசுகள். அவர்கள் எடுத்துக்கொடுத்த ஒரு காசை நகரத்துக் கடையில் உரைத்துப் பார்த்தபோது பொன் என்றே தெரிந்தது. தங்கள் பங்குக்குப் பணம் தந்தால் போதும், காசுகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றனர். அவர் மனைவியின் ஐந்து சவரன் நகையை அடகு வைத்து, மேலும் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டார். உரைத்துப் பார்த்த அந்தக் காசு மட்டும் அதற்குப்பின் கலயத்தில் இல்லை.

நாமும் ஒரு காசைக் கையில் எடுத்தபோது ஒரு கணம் நம்பினோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. நின்ற கோலத்தில் ஓர் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் இராசராசன் பெயரும். பள்ளி நாள்களில் படித்த பெருமை அனைத்தும் உள்ளங்கையில் வந்து அமர்ந்ததுபோல் இருந்தது. மறுநாள் நமக்கு அறிமுகமான முதிய பொற்கொல்லர் ஒருவரை அழைத்தோம். அவர் உரைகல்லை எடுக்கவே இல்லை. காசுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் விளிம்பில் ஒரே இடத்தில் ஒரே அளவான சிறு பிளவு இருந்தது. “முப்பத்திரண்டு பிள்ளைக்கும் ஒரே இடத்துல தழும்பு இருக்குமா, சாமி?” என்று கேட்டார். உழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கருவி சொல்வதும் சொல்லாததும்

“கருவி பொய் சொல்லாதே, சாமி. என் கண் முன்னாடிதானே கத்துச்சு” என்று அவர் மீண்டும் மீண்டும் கூறினார். கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது மிகச் சிறிய உண்மை. அதன் வட்டமான கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல்மின்னோட்டம் தோன்றுகிறது. அதைக் கருவி உணர்ந்து ஒலி தருகிறது. ‘இங்கே ஓர் உலோகம் இருக்கிறது’ என்பதற்கு மேல் அது உறுதியாக எதுவும் சொல்வதில்லை. அந்த உலோகம் ஆயிரம் ஆண்டுகளாக அங்கே கிடக்கிறதா, முந்தின நாள் மாலையில் புதைக்கப்பட்டதா என்று அதற்குத் தெரியாது. சோழர் காசுக்கும் சோடாப் புட்டியின் மூடிக்கும் அது ஒலி எழுப்பும்.

இக்கருவியின் தொடக்க வரலாற்றிலேயே இப்பாடம் அடங்கியுள்ளது. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேடத் தொலைபேசியைப் படைத்த கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. நோயாளி படுத்திருந்த மெத்தையின் உலோகக் கம்பிச்சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். குண்டையும் கட்டில் கம்பியையும் பிரித்தறிய ஒரு மனிதர் படுக்கையைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். உலோகத்தைக் காட்டுவது கருவியின் வேலை. உண்மையைத் தேர்வது மனிதரின் வேலை.

இம்மண்ணில் எவை கிடைக்கக்கூடும்?

ஏமாற்றுக்காரர்கள் இப்பகுதியைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. முதலாம் இராசேந்திரன் கங்கை வெற்றிக்குப்பின் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கிய ஊர் அது. அரண்மனை நின்ற மேடு இன்றும் ‘மாளிகைமேடு’ என்றே வழங்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே 1980களில் அகழாய்வு நடத்தியது. 2021 முதல் மீண்டும் நடத்தியது. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், செப்புக் காசுகள் எனப் பலவும் வெளிப்பட்டன. பேரரசின் தலைநகரில் நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஓடும் ஆணியும்தான் என்பதைக் கலயம் நிறையப் பொற்காசு காட்டுவோரிடம் பேசும்போது நினைவிற்கொள்ள வேண்டும்.

சோழரோடு இம்மண்ணின் கதை முடியவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் இரஞ்சன்குடிக் கோட்டையும் வாலிகண்டபுரமும் உள்ளன. 1751இல் ஆங்கிலேயர் ஆதரவு பெற்ற முகமது அலியின் படையும் பிரெஞ்சுக்காரர் ஆதரவு பெற்ற சந்தா சாகிபின் படையும் இங்கே மோதின. படைகள் நடந்த வழியில் காசும் நடக்கும். ஆர்க்காட்டு நவாபின் செப்புக்காசு, புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரின் காசு, தரங்கம்பாடியில் டேனியர் அடித்த முடியுருவக் காசு, ஒல்லாந்துக் கம்பெனியின் செப்புத்துட்டு, ஆங்கிலக் கம்பெனியின் காசு என இத்தனையும் தென்னாட்டுச் சந்தைகளில் புழங்கியவை. மண்ணில் கிடைத்த ஒன்றை எடைபோடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘இது இங்கே கிடைக்கக்கூடியதுதானா?’ என்பதே.

போலிகளில் மிகப் பரவலான ஒன்றை இக்கேள்வியே வீழ்த்திவிடும். ஒருபுறம் அனுமன் அல்லது இராமர் பட்டாபிடேகம். மறுபுறம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும். இத்தகைய காசுகளைப் பல இலட்சம் பெறும் என்று சொல்லி விற்கின்றனர். கம்பெனி இப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. ஆயினும் பொய் எப்போதும் ஓர் உண்மையின் தோள்மீது ஏறித்தான் வருகிறது. விசயநகரக் காசுகளில் அனுமன் உருவம் உண்டு. சென்னையில் கம்பெனி அடித்த வராகன்களில் திருமால் உருவம் உண்டு. இராமர் உருவம் பொறித்த வழிபாட்டு வில்லைகளும் நெடுங்காலமாக உள்ளன. அவற்றை வில்லையென்றே விற்றால் குற்றமில்லை. இவற்றையெல்லாம் அரைகுறையாகக் கேள்விப்பட்டவரே எளிதில் ஏமாறுகிறார். ஒன்றுமே அறியாதவர் ஏமாறுவது குறைவு.

ஏமாற்றுவோர் இல்லாமலும் பொய் பிறப்பதுண்டு. பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் 2020இல் குளம் தூர்வாரும்போது வெளிப்பட்ட உருண்டைகளை ‘டைனோசர் முட்டைகள்’ என்று மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். அவை முட்டைகள் அல்ல, பழங்காலக் கடலடியில் உருவான படிவ உருண்டைகள் என்று நிலவியல் அறிஞர்கள் விளக்கினர். சாத்தனூர்க் கல்மரம் காட்டுவதுபோல், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் கடல் சூழ்ந்திருந்த நிலம் இது. கடலின் எச்சமே பெரிய அதிசயந்தான். நம் ஆசைக்கு அது போதவில்லை, முட்டை வேண்டியிருந்தது.

போலியின் அடையாளங்கள்

காசுகளைத் தேர்ந்து மதிப்பிடுவது நமக்குப் புதிய கலையன்று. சங்கப் புலவர் சிலருடைய பெயர்களில் ‘வண்ணக்கன்’ என்னும் அடைமொழி காணப்படுகிறது. பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவரை அச்சொல் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் துயரமும் ஒரு வகையில் சோதனை தவறிய துயரமே. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தது தீர்ப்புக்குப் பின். அது தீர்ப்புக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். ஆகவே சோதனை முறைகள் சிலவற்றை அறிந்துவைத்தல் நன்று.

முதலாவது, வார்ப்பும் அடிப்பும். சோழர் காசுகள் இரண்டு அச்சுகளுக்கிடையே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்பட்டவை. ஒவ்வோர் அடியும் தனி அடி. உருவம் சற்று விலகும், விளிம்பு வெவ்வேறாக வெடிக்கும். ஒரு காசைப்போலவே மற்றொரு காசு இராது. போலியோ பெரும்பாலும் ஓர் அச்சுப்பள்ளத்தில் உருக்கி வார்க்கப்படுவது. ஆகவே அதில் குமிழிகளின் நுண்துளைகள் தெரியும். எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றி இரண்டு பாதிகள் கூடிய தழும்போ அதை அரத்தால் தேய்த்த கோடோ இருக்கும். பொற்கொல்லர் கண்ட ஒரே இடத்துப் பிளவு இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, எழுத்து. நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட இராசராசன் காசின் அமைப்பை இலங்கையின் பொலன்னறுவை மன்னர்களும் பிற்காலத்தில் பின்பற்றினர். உருவத்தை மட்டும் நோக்கினால் பராக்கிரமபாகுவின் காசை இராசராசனுடையது என்று மயங்கலாம். நாகரி எழுத்தைப் படித்தால் மயக்கம் தீரும். போலி செய்பவர் எழுத்தைப் படித்தறியாமல் படமாகவே வரைவதால், எழுத்துகள் பல வேளைகளில் பொருளற்ற கோடுகளாகிவிடும்.

மூன்றாவது, களிம்பு. செம்பு மண்ணில் நெடுங்காலம் கிடந்தால் முதலில் செந்நிறப் படலம் ஒன்று படரும். அதன்மேல் பச்சைக் களிம்பு ஏறும். இக்களிம்பு உலோகத்தினின்று வளர்ந்தது. நகத்தால் சுரண்டினால் வாராது. போலிக் களிம்போ நவச்சாரம், புளித்தநீர், உப்பு, சாணம் ஆகியவற்றில் ஊறவைத்து, அல்லது வண்ணம் பூசி, சில நாள்களில் வரவழைத்தது. குழிவுகளில் திப்பிதிப்பியாய் ஒட்டியிருந்து எளிதில் உதிரும். இங்கே ஒரு வேண்டுகோள்: கிடைத்த காசைப் புளியும் சாம்பலும் இட்டு ஒருபோதும் துலக்கவேண்டா. பளபளப்பு வரும்; சாட்சி போய்விடும்.

நான்காவது, எடை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோவில் வளாகத்தைத் துப்புரவு செய்தபோது, பித்தளைக் கலம் ஒன்றில் 505 பொற்காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1,716 கிராம். வகுத்துப் பார்த்தால் காசு ஒன்றுக்கு ஏறத்தாழ 3.4 கிராம் வருகிறது. தென்னாட்டு வராகனின் எடையும் ஏறத்தாழ அதுவே. இப்படிக் கூட்டல் கழித்தல் அறிந்த எவரும் ஒரு காசின் குலத்தைத் தேடத் தொடங்கலாம். ஆர்க்கிமிடீசு கண்ட முறையும் எளியது. 19.3 கிராம் பசும்பொன்னை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், எடை ஒரு கிராம் குறையும். அதே எடையுள்ள பித்தளை இரண்டு கிராமுக்கு மேல் குறையும். நம் உழவரின் காசுகள் இச்சோதனையில் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

நகைகளுக்கு வேறு அடையாளங்கள் உள்ளன. பழங்காலப் பொன்கம்பி பெரும்பாலும் மெல்லிய தகட்டைத் திரித்து உருட்டிச் செய்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் திருகாணிபோல் சுற்றிச் செல்லும் தழும்பு தெரியும். இக்காலக் கம்பி துளைத்தகட்டின் வழியே இழுக்கப்படுவதால், நெடுகிலும் இணைகோடுகள் தெரியும். காட்மியம் கலந்த பற்று கொண்டு ஒட்டிய நகை பழையதாக இருக்கமுடியாது. காட்மியம் என்னும் உலோகம் கண்டறியப்பட்டதே 1817இல்தான். உரைகல்லும் திராவகமும் மேற்பரப்பைத்தான் காட்டும். கனத்த முலாம் அவற்றை ஏமாற்றிவிடும். எனவே ஒரு சோதனையோடு நிற்காமல் பல சோதனைகளும் ஒரே முடிவைச் சொல்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

போலியரின் திறமையும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. செர்மானியரான கார்ல் வில்லெம் பெக்கர் (1772–1830) பண்டைக் கிரேக்க, உரோமைக் காசுகளுக்குத் தாமே அச்சு வெட்டி அடித்தார். புதுமை தெரியாதிருக்க அவற்றை இரும்புத்தூள் நிறைந்த பெட்டியில் இட்டுக் குதிரைவண்டியின் அடியில் கட்டி, ஊர்வலம் போய்வருவார் என்று சொல்வதுண்டு. நம்மூரிலோ அத்தனை உழைப்பும் தேவைப்படுவதில்லை. ‘இரிடியம்’ கலந்த கோவில் கலசம் அரிசியை இழுக்கும் என்று சொல்லியே கோடிக்கணக்கில் பறித்திருக்கின்றனர். இரிடியம் 1803இல் கண்டறியப்பட்ட உண்மையான உலோகம்; அது அரிசியை இழுப்பதில்லை. இழுக்கப்படுவது மனிதரின் ஆசை.

பொன்னல்லாத உண்மையும், பொய்யான மெய்ப்பொருளும்

இங்கே நாம் நின்று சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாளிகைமேட்டில் 2022இல் நடந்த அகழாய்வில் காப்பு ஒன்றின் துண்டு கிடைத்தது. அது பொன் அன்று. செம்பின்மேல் பொன்முலாம் பூசியது. ஒரு நகைக்கடையில் வைத்தால் அதற்கு மதிப்பே இல்லை. ஆயினும் ஆய்வாளர் அதைப் பொன்னினும் மேலாகப் போற்றுகின்றனர். எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்று எழுதப்பட்டுள்ளதால், அரண்மனைப் பகுதியிலும் முலாம் பூசிய நகை அணிந்தவர் இருந்தனர் என்பதை அது சொல்கிறது. அணிந்தவர் ஒரு பணிப்பெண்ணோ வேறு யாரோ. அவருடைய வாழ்வின் ஓர் இழை நம் கைக்கு வந்திருக்கிறது. பண்டைக்காலத்தில் இந்திய மண்ணிலேயே உரோமைப் பொற்காசுகளைப் பார்த்துச் செய்த சாயல்காசுகளும் இன்று அருங்காட்சியகங்களில் மதிப்போடு இருக்கின்றன. நம் அண்டையிலுள்ள சிதம்பரம் ‘கவரிங்’ நகைக்குப் பேர்போனது. அதை விற்பவர் கவரிங் என்று சொல்லியே விற்கிறார். சாயல் பொய்யன்று. சாயலை மெய்யென்று சொல்லும் நாவில்தான் பொய் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானதும் நம் மாவட்டத்திலேயே நடந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலின் நடராசர் திருமேனி ஐயத்துக்கிடமற்ற சோழர்காலப் படைப்பு. 2006இல் அது களவாடப்பட்டது. 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கியது. அது பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவைவிட்டு முறைப்படி வெளியேறியதாகக் காட்டும் ஆவணங்கள் உடனிருந்தன. திருமேனி மெய், ஆவணங்கள் பொய். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னமே எடுத்துவைத்திருந்த ஒளிப்படங்கள், அது கோவிலில் இருந்ததற்குச் சான்றாயின. 2014 செப்டம்பரில் திருமேனி நாடு திரும்பியது. கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் உடையார்பாளையம் சிலைத்திருட்டு வழக்கில் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒரு பழம்பொருளின் உண்மை அதன் உலோகத்தில் பாதிதான். அது எங்கே, எப்படி, யாரால் எடுக்கப்பட்டது என்னும் சொல்லில் மறுபாதி. இரவில் கருவியோடு வந்து இரகசியமாகத் தோண்டுபவர், உண்மையான காசையே எடுத்தாலும், அதன் இடத்தையும் அடுக்கையும் அழித்து, அதைப் பாதி பொய்யாக்கிவிடுகிறார். இத்தகைய இழப்பு நமக்குப் புதிதன்று. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோவிலின் மதிற்கற்களைப் பெயர்த்தெடுத்துப் பயன்படுத்தினர். அக்கற்கள் நீரைத் தடுத்தன. அவை சொல்லியிருக்கக்கூடிய வரலாறு நீரோடு போயிற்று.

இரகசியமே மூலதனம்

“காவல் நிலையத்துக்குப் போகலாம்” என்று நாம் சொன்னபோது உழவர் நடுங்கினார். “புதையலை ஏன் சொல்லலன்னு என்னையே புடிப்பாங்களே, சாமி” என்றார். ஏமாற்றுக்காரர்கள் விற்றது காசுகளையல்ல, இந்த அச்சத்தையே என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. குற்றம் செய்வதாக நம்பித் தலையாட்டியவர், ஏமாந்தபின் வாய் திறக்கமாட்டார் என்பதே அவர்களுடைய மூலதனம்.

சட்டத்தை அறிந்திருந்தால் அச்சம் தேவைப்பட்டிராது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால், கிடைத்த பொருள், இடம், நாள் ஆகியவற்றை எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் ‘அரசு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும்’ என்று மக்கள் எண்ணுவது சரியன்று. உரியவர் இல்லாத புதையலென்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கும் என்று அச்சட்டம் பகுத்திருக்கிறது. அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரவேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமமின்றித் தோண்டுவது மட்டும் எந்நிலையிலும் குற்றமே. திருவானைக்காவலில் கிடைத்த 505 காசுகளும் எண்ணி, நிறுத்து, முறைப்படி அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. இங்கிலாந்தில் உலோகங்காட்டியோடு வயல்களில் தேடுவது ஒரு பொழுதுபோக்காகவே உள்ளது. ஆயினும் 1996ஆம் ஆண்டின் சட்டப்படி புதையலை 14 நாள்களுக்குள் அறிவித்தாகவேண்டும். கருவி அங்கும் இதே கருவிதான், வேறுபடுவது வெளிச்சம்.

வெளிச்சத்தில் கணக்கு எழுதும் மரபு நம்முடையதும்கூட. தஞ்சைப் பெரிய கோவிலுக்குத் தான் அளித்த நகைகளை இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், மணிகளைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுத்தனர். நகைக்குள் நிரப்பிய அரக்கையும் கோத்த சரட்டையும் மறைக்காமல் எழுதினர். வயிரங்களில் கரும்புள்ளியும் செம்புள்ளியும் முறிவும் இருந்ததை எழுதினர். முத்துகளை அவற்றின் உருவக்குறையோடு வகைப்படுத்தினர். பேரரசன் இறைவனுக்கு அளித்த நகை; ‘குறையே இல்லை’ என்று எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்? குறையையும் எழுதியதனால்தான் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நிறையை நாம் நம்புகிறோம். அந்நகைகள் இன்று இல்லை. அவற்றைப் பற்றிய நாணயம் கல்லில் நிற்கிறது.

தேர்ந்த நோட்டக்காரர்

ஆண்டவர் தம் சீடரைத் தேர்ந்த காசு நோட்டக்காரரைப்போல் இருக்கச் சொன்னதாக ஒரு கூற்றை அலெக்சாந்திரியா கிளமெந்து, ஓரிஜன் முதலிய முற்காலத் திருச்சபை எழுத்தாளர்கள் குறிப்பிடுகின்றனர். நற்செய்தி நூல்களில் அது காணப்படவில்லை. ஆயினும் திருச்சபை அதை நெடுங்காலம் மறவாமல் வைத்திருந்ததற்குப் பொருள் இருக்கிறது. நோட்டக்காரர் எல்லாக் காசையும் ஐயுறுபவர் அல்லர்; எல்லாக் காசையும் நம்புபவரும் அல்லர். ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, நிறுத்து, தட்டிப் பார்த்து, நல்லதை நல்லதென்றும் அல்லதை அல்லதென்றும் சொல்பவர். அச்சொல்லுக்கு அவரே பொறுப்பு.

மூன்று மாதங்களுக்குப்பின் அந்த உழவர் நம்மோடு வந்து புகார் எழுதிக்கொடுத்தார். நகை திரும்பி வரவில்லை. கடனை அடைக்க அவருக்கு நான்கு வெள்ளாமை ஆயிற்று. ஆனால் புகார் கொடுத்த வாரமே, நாம் கேட்காமலே, அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்றார். முப்பத்திரண்டு காசுகளில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். “என் ஆசையாலதான் ஏமாந்தேன். மிசினு மேல பழி போட்டுப் பிரயோசனமில்லை. உங்க காட்டுக்கு எவனாவது ராத்திரியில வந்தா, என்னை நெனச்சுக்குங்க” என்றார். அவர் மனைவி பின்வரிசையில் வெறுங்கழுத்தோடு அமர்ந்து, தலைநிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு அதே கருவியோடு ஆட்கள் பக்கத்து ஊருக்கு வந்தபோது, அவ்வூரார் அவர்களைப் பகலில் வரச்சொன்னார்கள்; கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துவருவதாகச் சொன்னார்கள். வந்தவர்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பித்தளைக்காசு இன்னும் அன்பியத்தாரிடம் இருக்கிறது. கடையில் அது செல்லாக்காசு. எனினும் அந்த ஊரை அதுவே காத்தது.